டெர்மினல் மெயிலில் தேடல்: மட் போதுமா, மெய்ரிக்ஸா, மியூவா, நாட்மச்சா?

டெர்மினலில் மெயில் படிக்க உதவும் மட் நிரலைப் பழகியவர்கள் சில மாதம் கழித்துக் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். "லிமிட் போட்டால் திறந்திருக்கும் ஃபோல்டரில் மட்டும் தேடுகிறது. நாட்மச் போடு என்கிறார் ஒருவர், மெய்ரிக்ஸே போதும் என்கிறார் இன்னொருவர், ஈமேக்ஸ் எடிட்டர்காரர்கள் மியூவை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். நான் எதைப் போடுவது?"

இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே பேசும். வேகத்தை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இன்டெக்ஸ் (மெயில்களிலுள்ள சொற்களை முன்கூட்டியே தொகுத்த அட்டவணை) வைத்துத் தேடும் மெய்ரிக்ஸ், மியூ, நாட்மச் மூன்றுமே போதுமான வேகம் கொண்டவை. வித்தியாசம் தெரிவது தேடி முடித்த பிறகுதான். திரையில் வந்து நிற்பது உண்மையான மெயில்களா, அவற்றுக்கான சுட்டிகளா? அந்தப் பட்டியலில் ஒன்றை அழித்தால் எது அழியும்? இதைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பிறகு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

(கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படியே எழுதியிருக்கிறேன். கான்ஃபிக் கோப்பில் அவை ஆங்கிலத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் இருக்கும்.)

## எதை வைத்து அளப்பது

மெயில் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்றால் அது மெயில்டிர். எல்லா மெயிலும் ஒரே நீளக் கோப்பில் என்றால் எம்பாக்ஸ். எதுவும் உங்கள் கணினியில் இல்லை, சர்வரில்தான் என்றால் ஐமேப். பாதிப் பேருக்கு இந்த ஒரு கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

முடிவுகளில் கை வைத்தால் என்ன ஆகும். படித்தது, நட்சத்திரமிட்டது, அழித்தது எல்லாம் மூல மெயிலுக்குப் போய்ச் சேருகிறதா?

முழுச் சொல்லா, துண்டா. இன்டெக்ஸ் என்றாலே பொதுவாகச் சொல் சொல்லாகத்தான். வங்கி மெயிலில் கணக்கு எண் பெருக்கல் குறிபோல நான்கு எக்ஸ் போட்டு, அதோடு ஒட்டி 4521 என்று வந்தால், 4521 என்று தேடி அதைப் பிடிக்க முடியுமா?

இழை முழுவதும் வருமா, பொருந்திய மெயில் மட்டுமா. பழைய பேச்சுவார்த்தையைத் தேடும்போது நமக்கு வேண்டியது பெரும்பாலும் பொருந்திய மெயிலுக்கு அடுத்து வந்த பதில்தான்.

இன்டெக்ஸ் தொலைந்தால் கூடவே என்ன தொலையும். இதை யாரும் முதலில் கேட்பதில்லை.

இதையெல்லாம் சுருக்கிப் போட்டால் இப்படி இருக்கும் (சிம்லிங்க் என்பது மூலக் கோப்பைச் சுட்டும் கோப்பு; நியோமட் என்பது மட்டிலிருந்து கிளைத்த நிரல்; டேக் என்பது மெயிலுக்கு நாம் வைக்கும் அடையாளச் சொல்):

| வழி | பல ஃபோல்டர்கள் | சொல்லின் நடுத்துண்டு | முடிவில் அழித்தால் | இன்டெக்ஸ் தொலைந்தால் |
|---|---|---|---|---|
| மட்டின் லிமிட் | இல்லை | கிடைக்கும் | மூல மெயில் அழியும் | இன்டெக்ஸே இல்லை |
| ஐமேப் சர்வர் தேடல் | இல்லை | சர்வரைப் பொறுத்தது | சர்வரில் அழியும் | நம் கவலை இல்லை |
| மெய்ரிக்ஸ் | உண்டு | கிடைக்கும் | சிம்லிங்க் மட்டும் போகும் | மறுபடி உருவாக்கலாம் |
| மியூ, மட்டுடன் | உண்டு | உடலில் கடினம் | சிம்லிங்க் மட்டும் போகும் | மறுபடி உருவாக்கலாம் |
| நாட்மச், நியோமட்டுடன் | உண்டு | உடலில் கிடைக்காது | மூல மெயில் அழியும் | டேக்குகளும் போகும் |

## மட்டின் சொந்தத் தேடல்

1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் தொடங்கிய மட்டில் தேடலுக்கு இரண்டு வாசல் உண்டு. சாய்கோட்டைத் தட்டினால் அடுத்துப் பொருந்தும் மெயிலுக்குத் தாவும். எல் தட்டினால் லிமிட்: பொருந்துபவை மட்டும் திரையில் நிற்கும், மற்றவை ஒளியும். பழையபடி எல்லாவற்றையும் பார்க்க லிமிட்டில் 'ஆல்' என்று கொடுத்தால் சரி.

பலர் இதைக் குறைத்து மதிப்பிடுவதற்குக் காரணம், இயல்பு அமைப்போடு விட்டுவிடுவது. வெறும் சொல்லை மட்டும் தட்டினால் மட் எங்கே தேட வேண்டும் என்பதைச் 'சிம்பிள் சர்ச்' என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. இயல்பில் அது அனுப்புநரையும் தலைப்பையும் மட்டும் பார்க்கும். இன்பாக்ஸில் இது சரிதான். சென்ட் ஃபோல்டரில் அனுப்புநர் எப்போதும் நீங்களே அல்லவா, அங்கே ஒருவர் பெயரைக் கொடுத்துத் தேடினால் ஒன்றும் வராது. அனுப்புநர் குறியான டில்டே எஃப்பை (டில்டே என்பது அலைக்கோட்டுக் குறி) எடுத்துவிட்டு, டில்டே பெரிய எல் போடுங்கள். அது அனுப்புநர், பெறுநர், நகல் பெற்றவர் மூன்றையும் பார்க்கும். ஒரு வரி மாற்றம்தான். "மட்டில் தேடல் சரியில்லை" என்ற புகாரில் பாதி இதோடு தீர்ந்துவிடும்.

இழைக்கும் வழி உண்டு. டில்டே போட்டு அடைப்புக்குறிக்குள் ஒரு பேட்டர்னை (தேடல் நிபந்தனையை) வைத்தால், அது பொருந்தும் மெயில் இருக்கிற இழை முழுவதும் வரும். இரண்டு பேரின் பெயரையும் இப்படித் தனித்தனி அடைப்புக்குறிக்குள் கொடுத்தால், இருவருமே பேசியிருக்கும் இழைகள் மட்டும் நிற்கும். தேதிக்கு டில்டே டி. நாள், மாதம், வருடம் என்று நாம் எழுதும் வரிசையிலேயே கொடுக்கலாம்.

அடுத்தது 'தரோ சர்ச்'. தமிழ் மெயில் வைத்திருப்பவர்கள் இதில் கை வைக்கவே கூடாது. யூனிகோடு தமிழ் மெயில்கள் பெரும்பாலும் பேஸ்64 அல்லது கோட்டட் பிரிண்டபிள் முறையில் பொதியப்பட்டுத்தான் வரும். இந்த அமைப்பு இயங்கும்போது மட் பொதியைப் பிரித்துவிட்டுத் தேடும். அணைத்தால் கோப்பில் கிடக்கும்படியே தேடும். அங்கே 'கூட்டம்' என்ற சொல் எழுத்துக் குவியலாகக் கிடப்பதால் கிடைக்கவே கிடைக்காது. வேகம் கூடும் என்று அணைக்கச் சொல்லும் பழைய கான்ஃபிக்குகளை அப்படியே ஒட்டிவிட்டு, "தமிழில் தேட முடியவில்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு.

மறைவான செலவு இரண்டு. உடலில் தேடுவது என்றால் ஃபோல்டரிலுள்ள ஒவ்வொரு மெயிலையும் திறந்து படிக்கிறது. சில ஆயிரம் வரை பொறுத்துக்கொள்ளலாம், லட்சத்தை நெருங்கினால் காபி போட்டுவிட்டு வரலாம். அப்புறம் மறையாக்கம் செய்த மெயில்கள் ஃபோல்டரில் இருந்தால், அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்காகச் சாவியின் கடவுச்சொல்லைக் கேட்டு நடுவில் நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இதுதான் பலருக்குச் சரியான விடை. மெயிலை வருடவாரியாக ஒரே ஆர்க்கைவ் ஃபோல்டரில் போட்டுவைப்பவர், தேடுவது பெரும்பாலும் பெயரும் தலைப்பும்தான் என்பவர், ஹெடர் கேஷை (அனுப்புநர், தலைப்பு போன்ற விவரங்களைச் சேமித்துவைக்கும் வசதியை) இயக்கிக்கொண்டு இதோடு நின்றுவிடலாம். தலைப்புத் தேடல் ஹெடர் கேஷிலிருந்தே நடப்பதால் பெரிய ஃபோல்டரிலும் வலிக்காது.

## ஐமேப் சர்வரையே தேடச் சொல்வது

மெயிலைக் கணினியில் இறக்காமல் மட்டை நேரடியாக ஐமேப்பில் ஓட்டுபவர்களுக்கு: உடல் தேடலுக்கு டில்டே பி கொடுத்தால் மெயில்களை ஒவ்வொன்றாக இறக்கித் தேடும். டில்டேக்குப் பதில் சமக்குறி போட்டால் தேடும் வேலை சர்வருக்குப் போய்விடும். ஜிமெயில் என்றால் சமக்குறியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுத்து, ஜிமெயிலின் தேடல் மொழியிலேயே கேட்கலாம்; அதன் "ஆல் மெயில்" ஃபோல்டரைத் திறந்துவைத்துக் கேட்டால் பல ஃபோல்டர் பிரச்சினையும் ஓரளவு தீர்கிறது.

சர்வர் தேடலில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து அமைப்பை விவரித்துத் தேடும் குறிமொழி) கிடையாது. துண்டுச் சொல் கிடைக்குமா என்பது சர்வருக்குச் சர்வர் மாறும். நெட் போனால் தேடலும் போனது. அலுவலக மெயிலை இறக்கி வைக்க அனுமதி இல்லாதவர்களுக்கு வேறு வழி கிடையாது. மற்றவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

## மெய்ரிக்ஸ்

ரிச்சர்ட் கர்னோ எழுதிய சின்னக் கருவி. தனக்கென்று ஓர் இன்டெக்ஸ் கட்டிக்கொள்ளும். நீங்கள் தேடியதும், பொருந்திய மெயில்களுக்கு ஒரு தனி ஃபோல்டரில் சிம்லிங்க்குகளைப் போட்டு வைக்கும். மட்டில் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். எம்பாக்ஸையும் எம்எச் வடிவத்தையும் கையாளத் தெரிந்தது என்பது இதன் தனிப்பலம். பழைய எம்பாக்ஸ் கோப்புகளை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு மற்ற இரண்டும் உதவாது, இது உதவும். நான்கு எக்ஸ் 4521 பிரச்சினைக்கும் இதில் தீர்வு உண்டு: சொல்லுக்குப் பின் சமக்குறி போட்டால் துண்டாகத் தேடும், சமக்குறிக்குப் பின் ஓர் எண் கொடுத்தால் அத்தனை எழுத்துப் பிழை வரை பொறுத்துக்கொள்ளும்.

இழை முழுவதும் வேண்டுமென்றால் டி என்ற ஆப்ஷன். முந்தைய முடிவுகளோடு புதியதையும் சேர்க்க ஏ. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தேடலிலும் முடிவு ஃபோல்டர் காலியாகித் திரும்ப நிரம்பும்.

சிம்லிங்க்கின் குணத்தை இங்கே புரிந்துகொள்ள வேண்டும், மியூவுக்கும் இதுவேதான். மெயில்டிரில் படித்தது, பதில் அளித்தது போன்ற நிலைகள் கோப்பின் பெயரிலேயே ஒட்டியிருக்கும். முடிவு ஃபோல்டரில் ஒரு மெயிலைத் திறந்து படித்தால் சிம்லிங்க்கின் பெயர்தான் மாறும். இன்பாக்ஸில் அது படிக்காததாகவே இருக்கும். அழித்தாலும் அப்படியே, சுட்டி போகும், மெயில் இருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: இன்பாக்ஸில் அதே மெயிலுக்குப் பதில் போட்டதும் மூலக் கோப்பின் பெயர் மாறிவிடுவதால், முடிவு ஃபோல்டரில் இருந்த சுட்டி அந்தரத்தில் தொங்கும். மறுபடி இன்டெக்ஸைப் புதுப்பித்துத் தேடினால்தான் சரியாகும்.

இது குறையா என்றால், ஆளைப் பொறுத்தது. தேடுவது படிக்க மட்டும்தான் என்றால் இது ஒரு பாதுகாப்பு. தேடல் முடிவில் கைதவறி எதை அழித்தாலும் ஒன்றும் ஆகாது. தேடிக் களையெடுப்பவர்களுக்கு, அதாவது "பழைய விளம்பர மெயிலையெல்லாம் தேடி ஒரே மூச்சில் அழிக்கிறேன்" என்பவர்களுக்கு, இது உதவவே உதவாது. தமிழ் மெயில் அதிகம் என்றால் மெய்ரிக்ஸை ஒரு சிறு ஃபோல்டரில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## மியூ

டிர்க்-யான் பின்னெமா எழுதியது. இன்டெக்ஸுக்கு அடியில் இருப்பது ஸேபியன் என்ற தேடல் நூலகம், நாட்மச்சுக்கும் அதுவே. மெயில்டிர் மட்டும்தான் புரியும்.

மட்டோடு சேர்த்தால் 'லிங்க்ஸ்டிர்' என்ற ஆப்ஷன் வழியாக மெய்ரிக்ஸ் போலவே சிம்லிங்க் ஃபோல்டர். மேலே சொன்ன குணங்கள் எல்லாம் பொருந்தும். முந்தைய முடிவுகளைத் துடைக்கத் தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதும் புதியதும் கலந்து கிடக்கும்; மேக்ரோ (ஒரு விசையில் பல கட்டளைகளை ஓட்டுவது) எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள். ஒரே மெயில் இரண்டு ஃபோல்டரில் இருந்தால் ஒன்றை மறைக்கவும் ஆப்ஷன் உண்டு. ஜிமெயிலை இறக்கி வைத்திருப்பவர்களுக்கு, இன்பாக்ஸிலும் ஆல் மெயிலிலும் ஒரே மெயில் இரட்டிப்பதால், இது கட்டாயம்.

மியூவின் முழு அழகு ஈமேக்ஸுக்குள் மியூஃபோரி-யாக ஓடும்போதுதான். அங்கே சிம்லிங்க் கிடையாது, மூல மெயிலோடுதான் வேலை. அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முடிவுகள் இயல்பில் 500-ஓடு நின்றுவிடும், பழைய மெயில் "காணவில்லை" என்று நினைப்பதற்கு முன் அந்த வரம்பை உயர்த்திப் பாருங்கள். அடுத்தது, தொடர்புள்ள மெயில்களையும் சேர்த்துக் காட்டும் அமைப்பு இயல்பிலேயே இயங்குகிறது. தேடிய சொல்லே இல்லாத மெயில்கள் பட்டியலில் எட்டிப்பார்ப்பது அதனால்தான்.

இன்டெக்ஸைத் தவிர மியூ தனக்கென்று எதையும் சேமித்து வைப்பதில்லை. கெட்டுப்போனால் அழித்துவிட்டு முதலிலிருந்து இன்டெக்ஸ் செய்யலாம், எதுவும் இழப்பில்லை. அடுத்து வருவதோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி.

## நாட்மச்

2009-இல் கார்ல் வொர்த் வெளியிட்டது. ஃபோல்டர்களைத் தேடுவது என்ற நிலையைத் தாண்டி, ஃபோல்டர்களே தேவையில்லை என்பதுதான் இதன் கொள்கை: எல்லா மெயிலும் ஒரே குவியல், டேக்கும் தேடலும்தான் ஃபோல்டர். நியோமட்டில் ஒரு தேடலுக்குப் பெயர் கொடுத்து 'வர்ச்சுவல் மெயில்பாக்ஸ்' ஆக்கிக்கொள்ளலாம். பக்கப்பட்டியில் சாதாரண ஃபோல்டர்போலவே நிற்கும். நடுவில் எந்த இடத்திலிருந்தும் புதிதாக ஒரு தேடலைத் தட்டி அதன் முடிவையே ஃபோல்டராகத் திறக்கவும் முடியும்.

முடிவில் வருபவை உண்மையான மெயில்கள். படித்தால் மூலத்திலும் படித்ததாகிறது. அழித்தால் கோப்பே அழிகிறது. சர்வரோடு ஒத்திசைக்கும் எம்பிசிங்க் போன்றவை அழித்ததையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அமைந்திருந்தால் அடுத்த ஒத்திசைவில் சர்வரிலும் போய்விடும். மெய்ரிக்ஸ் பழகிய கையோடு வருபவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். பட்டியலிலிருந்து ஒன்றை விலக்க மட்டும் வேண்டுமென்றால், டேக்கை மாற்றி மறைக்கும் கட்டளை நியோமட்டில் தனியாக உண்டு. அழிப்பதற்குப் பதில் அதை ஒரு விசையில் பொருத்திக்கொள்ளுங்கள்.

முடிவுகள் எப்படி வர வேண்டும் என்பதை நிர்ணயிக்க 'என்எம் கொரி டைப்' என்ற அமைப்பு. இயல்பில் பொருந்திய மெயில்கள் மட்டும் வரும். 'த்ரெட்ஸ்' என்று மாற்றினால் இழை முழுவதும். என் பரிந்துரை, இயல்பிலேயே விட்டுவிட்டு, வேண்டும்போது மட்டும் 'என்டயர் த்ரெட்' கட்டளையால் மீதி இழையை இழுத்துக்கொள்வது. எப்போதும் இழை முழுவதும் வந்தால், நூறு பதில் கொண்ட ஓர் இழை மற்ற முடிவுகளையெல்லாம் திரைக்கு வெளியே தள்ளிவிடும். டேக்குகள் பட்டியல் வரியிலேயே தெரிய வேண்டுமென்றால் 'இன்டெக்ஸ் ஃபார்மட்'டில் சதவீதக் குறியோடு சிறிய ஜி சேருங்கள்.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம்.

முதலாவது டேக்குகள். படித்தது, நட்சத்திரம், பதில் அளித்தது ஆகியவை மெயில்டிர் கோப்புப் பெயரோடு ஒத்துப்போகும். நீங்களாக வைத்த 'வரி', 'பள்ளி', 'வீடு' போன்ற டேக்குகள் இன்டெக்ஸுக்குள் மட்டுமே இருக்கும். மெயில்களைப் பேக்கப் எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தால், வன்தட்டு போன அன்று டேக்குகள் ஒன்றும் இருக்காது. 'நாட்மச் டம்ப்' கட்டளையின் வெளியீட்டைத் தினமும் ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும். இரண்டு கணினியில் ஒரே டேக்குகள் வேண்டுமென்றால் மச்சிங்க் போன்ற இன்னொரு கருவி. அதையும் அமைத்துப் பராமரிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே மெசேஜ் ஐடி (மெயிலின் தனி அடையாளம்) கொண்ட மெயில்களை நாட்மச் ஒன்றாகவே எண்ணும். குழு முகவரி வழியாகவும் நேரடியாகவும் வந்த இரண்டு பிரதிகள் ஒரே வரியாகத் தெரியும். பெரும்பாலும் நல்லதுதான். இரண்டு பிரதிகளின் ஹெடர்களையும் ஒப்பிட வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்குத் தொல்லை.

மூன்றாவது, 'ஸ்பாம்', 'டெலிட்டட்' டேக் உள்ளவை முடிவுகளில் வராதபடி முதல் அமைப்பின்போதே எழுதிக்கொள்ளும். தேடியது கிடைக்காவிட்டால் அந்த டேக்கைப் பெயர் சொல்லித் தேடிப் பாருங்கள்.

கடைசியாக, மறையாக்க மெயில்களின் உள்ளடக்கத்தையும் இன்டெக்ஸ் செய்யச் சொல்லலாம். அப்படிச் செய்தால் அந்த மெயில்களின் சொற்கள் மறையாக்கம் இல்லாமல் இன்டெக்ஸில் உட்காரும். தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

மட்டை விட்டு நியோமட்டுக்கு மாற விருப்பமில்லை, ஆனால் நாட்மச் வேண்டும் என்பவர்களுக்கு நாட்மச்-மட் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதுவும் சிம்லிங்க் ஃபோல்டர் முறைதான்; டேக்குகளின் பலம் பாதிதான் கிடைக்கும்.

## தமிழ்ச் சொற்களைத் தேடும்போது

ஸேபியன் தமிழ்ச் சொற்களைப் புள்ளி, கொம்பு, கால் சகிதமாக ஒழுங்காகவே பிரிக்கிறது. சிக்கல் வேற்றுமை உருபுகளில். ஆங்கிலத்துக்கு நாட்மச் சொல்லடியைக் கண்டுபிடித்துக்கொள்ளும், ஒருமையில் தேடினால் பன்மையும் வரும். தமிழுக்கு அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்: 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' வராது. சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி போடலாம், எங்கே வெட்டுவது என்பதுதான் நுணுக்கம். 'வீட' என்று அகரத்தோடு நிறுத்தி நட்சத்திரம் போட்டால் வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீடுகள் எல்லாம் வரும். யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் மெய்யைத் தொடர்ந்து தனியாக வருவதால் 'வீட' என்பது அத்தனைக்கும் பொதுத் தொடக்கம். 'கூட்ட' என்று கொடுத்தால் கூட்டமும் கூட்டத்துக்கும் வரும், கூட்டணியும் வரும். அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

மட்டின் லிமிட்டில் இந்தச் சிரமமே இல்லை. அங்கே எல்லாம் துண்டுத் தேடல், நட்சத்திரம்கூட வேண்டாம். நாட்மச்சிலும் அனுப்புநர், தலைப்பு ஆகிய இரண்டிலும் சாய்கோடுகளுக்குள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொடுக்கலாம், உடலில் முடியாது. ஆகவே தமிழ் மெயில் நிறைய உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நல்லது: நாட்மச்சால் ஆளையும் வருடத்தையும் வைத்துச் சில நூறாகக் குறைத்துக்கொண்டு, வந்த பட்டியலில் லிமிட் போட்டுச் சொல்லைத் தேடுவது. நான்கு எக்ஸ் 4521-க்கும் இதே வழிதான்.

யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி மெயில்களை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு: அவை வேறு எழுத்துரு மெயில்கள்போல வேடம் போட்டு வந்தவை. மாற்றி எழுதாமல் இந்தக் கருவிகள் எதிலும் யூனிகோடு தமிழில் தேடிப் பிடிக்க முடியாது. இணைப்பாக வந்த பிடிஎஃப்பின் உள்ளே இருக்கும் எழுத்தையும் இவை எதுவும் இயல்பாகத் தேடாது. நாட்மச்சில் இணைப்புக் கோப்பின் பெயரை வைத்துத் தேடலாம், அவ்வளவுதான்.

## யாருக்கு எது

எம்பாக்ஸ் என்றால் மெய்ரிக்ஸ், யோசிக்க ஒன்றுமில்லை. ஈமேக்ஸுக்குள்ளேயே வாழ்பவருக்கு மியூஃபோரி. மெயிலை இறக்கி வைக்க முடியாதவருக்குச் சர்வர் தேடல்.

மீதி இருப்பவர்கள், அதாவது மெயில்டிரோடு மட்டைப் பயன்படுத்தும் பெரும்பான்மையினர், தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: தேடல் முடிவில் வேலை செய்கிறீர்களா, படித்துவிட்டு மூடுகிறீர்களா? படித்து மூடுபவர்களுக்கு மியூவும் ஒரு மேக்ரோவும் போதும், பராமரிக்க எதுவும் இல்லை. முடிவிலிருந்தே அழிப்பது, வகைப்படுத்துவது, பின்தொடர்வது என்று வேலை செய்பவர்களுக்கு நாட்மச்தான், டம்ப் எடுக்கும் ஒழுக்கம் இருந்தால். அந்த ஒழுக்கம் இல்லை என்று தெரிந்தால் நாட்மச்சைப் போடுங்கள், டேக் மட்டும் வைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் மட்டில் சில அமைப்புகளைச் சேர்த்தே செய்துவிடலாம். மெயிலைத் திறந்து உள்ளே சாய்கோடு போட்டுத் தேடும்போது, கிடைத்த வரி திரையின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும், அதற்கு முந்தைய வரிகள் தெரியாது. 'சர்ச் காண்டெக்ஸ்ட்' இயல்பில் 0. அதை 3 அல்லது 4 ஆக்கினால் முன்வரிகளும் தெரியும். 'பேஜர் இன்டெக்ஸ் லைன்ஸ்' 8 என்று வைத்தால் மெயில் திறந்திருக்கும்போதே மேலே முடிவுப் பட்டியலின் சில வரிகள் நிற்கும், ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டியதில்லை. தேடிய சொல்லுக்கு 'கலர் சர்ச்' வழியாகக் கறுப்பு எழுத்து, மஞ்சள் பின்னணி. தொந்தரவாக இருந்தால் பின்சாய்கோடு தட்டினால் அணையும். சிம்லிங்க் முறையைத் தேர்ந்தவர்கள் அந்த முடிவு ஃபோல்டருக்கு மட்டும் ஒரு 'ஃபோல்டர் ஹுக்' (ஃபோல்டரைத் திறக்கும்போது ஓடும் கட்டளை) எழுதி, புதியது மேலே வரும்படி வரிசையை மாற்றிக்கொள்ளலாம். இன்பாக்ஸின் வரிசை அப்படியே இருக்க வேண்டுமென்றால், எல்லா ஃபோல்டருக்கும் பொதுவான இன்னொரு ஹுக்கில் அதன் வரிசையையும் எழுதி, முந்தையதற்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் முடிவு ஃபோல்டரிலிருந்து திரும்பும்போது மாற்றிய வரிசை கூடவே வந்துவிடும்.